எட்டு மணி மாத்திரை

செல் வளர்க்கும் தொழிலில் பயப்படாத ஆளை வேலைக்கு வைப்பது ஆபத்து. அந்த வகையில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருக்கும் எங்கள் ஆய்வகத்துக்கு நான் ரொம்பப் பொருத்தம். எச்.ஐ.வி. உள்ள ஒருவரின் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, வைரஸ் புகுந்த செல்லை அடையாளம் கண்டு கொல்லும்படி அவற்றின் மரபணுவை மாற்றி, பெருக்கி, அவருக்கே திருப்பி ஏற்றுவது எங்கள் வேலை. மாத்திரை வைரஸை அடக்கித்தான் வைக்கும். நிறுத்தினால் திரும்பி வந்துவிடும். எங்கள் செல்கள் வேலை செய்தால் மாத்திரையே வேண்டாம். செய்தால். இந்த மாதிரி ஒரு 'ஆல்' விகுதியை நம்பிச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கும், மாவு பொங்கியிருக்குமா இல்லையா என்று இட்லி மாவுப் பாத்திரத்தைத் திறக்கவே பயப்படுகிறவர்களுக்கும் என் கஷ்டம் புரியும்.

கையுறை

மூன்றாம் எண்ணின் ரத்தப் பை வந்த அன்று நடந்தது. நோயாளிகளின் பெயர் எங்களுக்குத் தெரியக் கூடாது, எண் மட்டும்தான். வேலை முடிந்து கையுறையைக் கழற்றும்போது விரல் நுனியில் ஒரு கிழிசல் தெரிந்தது. விதிப்படி அதற்குள் இன்னொரு கையுறை போட்டிருந்தேன். ஆனாலும் வீட்டில் எப்படிச் சொல்வது என்பது வரைக்கும் மனசு ஓடிவிட்டது. எச்.ஐ.வி. என்றால் பயப்படாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் நான். வெட்கமாக இருந்தது.

எங்கள் பொறுப்பாளர் சாதிக் அண்ணன், பூந்தமல்லிக்காரர். உள் கையுறையில் தண்ணீர் நிரப்பி, வாயை முறுக்கி, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்றார். ஒரு சொட்டு கசியவில்லை. என் விரல்களையும் விளக்கடியில் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கையில ஒண்ணுமில்லம்மா. மூஞ்சிதான் செத்துப் போயி கீது. போய் ஒரு டீ குடி."

சென்னீர்குப்பத்தில் ஒரு சோதனை

செல்கள் தயாரானதும் குளிர்ப்பெட்டியில் வைத்து வேனில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். சென்னீர்குப்பத்தில் வண்டிகளை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்த போலீஸ்காரர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்தால் உறைந்திருக்கும் செல்கள் வீணாகிவிடும். அந்த ஒரு மனிதருக்காக நாங்கள் வளர்த்தது அந்த ஒரே பைதான். காகிதத்தைக் காட்டினேன். அவர் அதைப் படிக்காமல் மூடியில் கை வைத்தார். வேறு வழி தெரியாமல், எச்.ஐ.வி. நோயாளிக்குப் போகிற பை என்று சொல்லிவிட்டேன்.

கையைச் சட்டென்று எடுத்து பேண்ட்டில் துடைத்துக்கொண்டார். பை பிழைத்தது. ஆனால் அந்த மூன்றெழுத்தை வைத்து நானே ஒருவரை மிரட்டியது இன்றுவரை உறுத்துகிறது. வேன் நகரும்போது அவர் சொன்னது:

"மொதல்லயே சொல்றதுக்கு இன்னா மேடம்? கண்ணாடிய ஏத்திக்கினு போங்க."

ஒரே ஒரு கேள்வி

மூன்றாம் எண்ணை முதன்முதலில் அன்றுதான் பார்த்தேன். செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவர். செல்களை ஏற்றும்போது என்னைவிட அவர்தான் நிதானமாக இருந்தார். சில வாரம் கழித்து மாத்திரையை நிறுத்திப் பார்க்கும் நாள் வந்தது. செல்களைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். வாரா வாரம் ரத்தம் எடுப்போம், வைரஸ் தலை காட்டினால் உடனே மாத்திரையைத் தொடங்கிவிடுவோம், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். மூன்றாம் எண் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பதினோரு வருஷமாகக் காலை எட்டு மணிக்கு ஒரு நாள் தவறாமல் மாத்திரை போட்டவர். சந்தேகம் ஏதாவது உண்டா என்று டாக்டர் கேட்டதும் யோசித்துவிட்டுக் கேட்டார்:

"நாளைக்கு எட்டு மணிக்கு நான் இன்னா பண்றது சார்?"

சுத்தமான முடிவு

முதல் வாரம் வைரஸ் இல்லை. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது வாரமும் இல்லை. ஆய்வகத்தில் பிரியாணி வந்தது. என் செல்கள் ஜெயித்துவிட்டன என்று பாத்ரூமில் போய் அழுதேன். ஐந்தாவது வாரம் இன்னொரு பரிசோதனையின் முடிவு வந்தது. ரத்தத்தில் மருந்து இருக்கிறதா என்று பார்ப்பது அது. இருந்தது. எல்லா வாரத்து ரத்தத்திலும். ஒரு நாள்கூட விடாமல் மாத்திரை போட்டிருக்கிறார். வைரஸை அடக்கியது என் செல்களா, மாத்திரையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

கோபத்தோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் என்னைப் பார்க்காமல் பேசினார். "ஒரு நாள் வுட்டா உசுருக்கு ஆபத்துன்னு சொன்னதும் நீங்கோதான். இப்ப வுடுன்றதும் நீங்கோதான். நான் எந்தப் பேச்ச நம்பறது மேடம்?" நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டிருப்பேன்.

விலகிக்கொள்வதானால் தப்பே இல்லை என்றார் டாக்டர். மூன்றாம் எண் சட்டைப் பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து, டாக்டரிடம் தராமல் என்னிடம் நீட்டினார்.

"உங்க செல்லுதான உள்ள கீது, நீங்களே வச்சிக்கோங்க. ஆனா தூரமா எங்கியும் பூடாதீங்கோ."

ஆஸ்பத்திரி அலமாரி நிறைய அதே மாத்திரை இருக்கிறது, அவருக்கு ஒன்று என்றால் கொடுக்க ஆளும் இருக்கிறார்கள், இருந்தும் அந்த டப்பாவை என் மேஜையில் வைத்துப் பூட்டியதிலிருந்து மூன்று வாரமாக நான் லீவே போடவில்லை.