பொட்டு வைத்த விரல்

ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் நான் எலெக்ட்ரீசியன். பவர் மீட்டரோடு சின்னச் சின்ன ரிமோட் பெட்டிகளை இணைப்பது என் வேலை. எந்த லைனில் கரண்ட் ஓடுகிறது என்று பெட்டி சொல்லும், மீட்டர் காட்டும்.

ஆயுத பூஜையன்று ஒவ்வொரு பெட்டிக்கும் பக்தியோடு சந்தனப் பொட்டு வைத்தேன். ஒன்றில் கட்டைவிரல் பட்டு அது எந்த லைனின் பெட்டி என்று மீட்டருக்குச் சொல்லும் நம்பர் சக்கரம் நகர்ந்ததை நான் கவனிக்கவில்லை.

லீவு முடிந்து மெயினைப் போட்டால், கரண்ட் ஓடும் லைனை மீட்டர் 'ஆஃப்' என்று காட்டியது. அதை நம்பி கான்ட்ராக்ட் ஃபிட்டர் செல்வி கை வைக்கப் போனாள். நல்லவேளை, முதலில் டெஸ்டரை வைத்தாள். விளக்கு எரிந்தது.

"இன்னாண்ணே இது! என் புள்ளைங்களுக்கு நீயா சோறு போடுவ?" என்று கத்தினாள்.

நகர்ந்திருந்த சக்கரத்தில் சந்தனக் கறையைப் பார்த்ததும், என் விரல் பட்டதுதான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. என்ஜினியரிடம் சொன்னேன். அவர் ரிப்போர்ட்டை நீட்டினார். "செல்வி வயரை மாத்திட்டான்னு எழுதுய்யா. கான்ட்ராக்ட்தானே, அனுப்பிடலாம்."

பேனாவை வாங்கினேன்.

"என் பேரைத்தான் சார் எழுதுவேன்."

"வேலை போயிடும்யா."

"போவட்டும் சார். பொய் எழுதிட்டு எந்த மூஞ்சியோட சாமி முன்னாடி நிப்பேன்?"

எழுதிக் கையெழுத்தும் போட்டேன். ஒரு மாசம் சஸ்பெண்ட் செய்தார்கள்.

செல்வி இன்னும் என்னை மன்னிக்கவில்லை. அது அவள் உரிமை. ஆனால் அவளை எவனாலும் வெளியே அனுப்ப முடியவில்லை.