வட்டத்துக்குள் ஒரு முகம்

இது இட்டுக்கட்டியது இல்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நடந்தது நடந்ததுதான்.

அச்சகத்துக்கு வீட்டிலிருந்தே பிழை திருத்திக் கொடுப்பவள் அவள். எல்லோருக்கும் ‘புரூஃப் அக்கா’. ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அப்படிப்பட்டவளுக்கே அன்று தன் கண்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

வீட்டிலிருந்தது பழைய கம்ப்யூட்டர். எல்லாம் திரைக்குள்ளேயே அடங்கிய ரகம். மேல் விளிம்பில் குட்டிக் கேமரா. திங்கட்கிழமைக்குள் புது ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மாறாவிட்டால் வேலை அனுப்ப முடியாது என்று அச்சகத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கணவர் பஸ் டிரைவர், டியூட்டிக்குப் போயிருந்தார். மகள் சித்தி வீட்டில். வெளியே விடாத மழை. சிஸ்டத்தை ஏற்றப் போட்டுவிட்டு, துணி மடித்தாள், பாத்திரம் கழுவினாள். நடுநடுவே வந்து எட்டிப் பார்த்தாள். ஆமை வேகம். ஒருவழியாகப் புதுத் திரை வந்தது. அப்பாடா என்றிருந்தது.

பாஸ்வேர்டுக்குப் பதிலாக முகத்தையே காட்டலாம் என்றது திரை. ஒரு வட்டம் தெரிந்தது. அதற்குள் அவள் முகம்.

‘மூக்குக்கண்ணாடியைக் கழற்றவும்.’

கழற்றினாள்.

வட்டத்துக்குள் இருந்தவள் கழற்றவில்லை.

பழைய மெஷின், கொஞ்சம் தாமதமாகத்தான் காட்டும் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். சற்றுப் பொறுத்து அந்த முகத்தின் பக்கம் ஒரு கை உயர்ந்தது. நிதானமாக... மிக நிதானமாக... கண்ணாடியைக் கழற்றியது.

‘ஒருவர் மட்டுமே இருக்கவும்.’

சட்டென்று திரும்பினாள். சுவர். மூடிய பீரோ. வேறு யாருமில்லை.

கணவருக்குப் போன் போட்டாள்.

“ஏங்க... கொஞ்சம் சீக்கிரம் வர முடியுமா?”

“டிப்போவுலதான் இருக்கேன், வரேன். பக்கத்துல யாரு?”

“யாரும் இல்லையே.”

“பேசுற சத்தம் கேக்குதே... உன் குரல் மாதிரியே இருக்கு.”

அவள் திரையைப் பார்த்தாள்.

வட்டத்துக்குள் வாய் அசைந்துகொண்டிருந்தது.

பிளக்கைப் பிடுங்கினாள். செருப்புகூடப் போடாமல் வெளியே ஓடினாள். கணவர் வரும்வரை மழையிலேயே நின்றாள்.

அவர் வந்து மறுபடி போட்டுப் பார்த்தார். ‘முகம் பதிவாகிவிட்டது’ என்றிருந்தது. தைரியம் சொல்லி அவளை எதிரே உட்காரவைத்தார்.

‘உங்களை அடையாளம் தெரியவில்லை.’

அந்த அறையைப் பூட்டினார்கள். மறுநாள் திங்கட்கிழமை, சனிக்கிழமையன்று புது மெமரி போட்டுத் தந்திருந்த மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அவனிடம் எதையும் சொல்லவில்லை. கேமராவைப் பார் என்று மட்டும் சொன்னார்கள். பின்மூடியைத் திறந்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“மன்னிச்சிருங்க அக்கா. மெமரி போடும்போது கேமரா ஒயரைக் கழட்டினேன். திரும்ப மாட்டவே மறந்துட்டேன்.”

ஒயர் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கேமராவால் அன்று எதையுமே பார்த்திருக்க முடியாது.

அப்படியென்றால்... அந்த வட்டத்துக்குள் இருந்தது?