நாலு அங்குலம் கூடிப்போன எஞ்சின்

போன மாதம் எனக்கு நானே ஒரு ரயில் எஞ்சின் வாங்கிக்கொண்டேன். ஒரு சாண் நீளம். கூரியரில் வந்த பெட்டியைப் பிரித்ததும் தையல் மிஷினுக்கு விடுவோமே, அந்த எண்ணெய் வாசனை லேசாக அடித்தது. பேரப்பிள்ளைக்கா என்று கூரியர் பையன் கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எழுபது தாண்டியவன் வேறு என்ன சொல்வது?

இப்போது நம் ஆரணி ரோடு ஸ்டேஷன் வழியாக ஓடுகிற மின்சார எஞ்சினின் அச்சு அசல், எண்பத்தேழில் ஒரு பங்கு. வேலைக்காலம் முழுக்க எஞ்சினிலேயே கழித்தவன் சும்மா இருப்பேனா? ஸ்கேலை எடுத்து நீளம், உயரம் எல்லாம் அளந்து எண்பத்தேழால் பெருக்கிப் பார்த்தேன். சரியாக இருந்தது. ஓட விட்டால்தான் வித்தியாசம் தெரிகிறது. நிஜ எஞ்சினுக்கு மின்சாரம் மேலே கம்பியிலிருந்து இறங்கும்; இதற்கு அடியில் தண்டவாளத்திலிருந்து ஏறுகிறது. சாப்பாட்டு மேஜையின் மூலையில் இது திரும்புகிற திருப்பத்தில் நிஜ எஞ்சின் தடம் புரண்டுவிடும். நிஜம் நூற்றிருபது டன்னுக்கு மேல். கணக்குப்படி சுருக்கினால் இது இருநூறு கிராம்கூட வரக்கூடாது. சக்கரத்துக்குப் பிடிப்பு வேண்டுமே என்று உள்ளே உலோகக் கட்டி வைத்துக் கனமாக்கியிருக்கிறார்கள். பட்டனை அமுக்கினால் அங்கேயே நிற்கிறது. நிஜ வண்டியில் பிரேக் போட்ட பிறகும் அது போய்க்கொண்டே இருக்கும். அப்போது வயிற்றில் பரவுகிற குளிரைப் பெட்டியில் போட்டு விற்க முடியாது.

உயரம் சரியாக இருந்தது என்றேனே, அதுதான் என்னை உறுத்தியது. நானும் என் நண்பன் ஏகாம்பரமும் சேர்ந்து செய்த எஞ்சினில் உயரம் தப்பு. அந்தத் தப்பு என்னுடையது. அதை அவனுடையது ஆக்கிவிட்டேன்.

ஏகாம்பரம் சேவூர்க்காரன். பட்டுப்புடவைக் கரைக்கு டிசைன் வரைபவன். மயிலோ மாங்காயோ, முதலில் கட்டம் போட்ட தாளில் வரைவான். அதைப் பார்த்துத்தான் தறியில் மாட்டுகிற அட்டையில் துளை குத்துவார்கள். நான் அப்போது மீட்டர்கேஜ் டீசல் எஞ்சினில் டிரைவருக்கு உதவியாளன். டிப்ளமா படித்தவன் என்கிற திமிர் வேறு. எங்கள் பயிற்சிப் பள்ளியில் மாதிரி அறை என்று ஒன்று இருந்தது. எஞ்சின், சிக்னல், பிரேக் எல்லாவற்றையும் சின்னதாகச் செய்து வைத்துப் பாடம் நடத்துவார்கள். அங்கே மாதிரி செய்ய ஓர் ஆள் வேண்டும் என்று தெரிந்ததும் நான்தான் ஏகாம்பரத்தின் பெயரைச் சொன்னேன். ஒரு டீசல் எஞ்சினைச் செய்து கொண்டுவரச் சொல்லுங்கள், பார்க்கலாம் என்றார் அதிகாரி. சர்க்கார் வேலை. அவனுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது.

ஸ்டேஷனில் ஒரு பகல் முழுக்க எஞ்சினைப் பார்த்துவிட்டுப் போய் வரைந்தான். தன்னிடம் இருந்த டிசைன் தாளிலேயே வரைந்தான். என்ன அழகு. மூன்றடி நீளத்துக்கு மரத்தில் செய்வதற்கு அளவு எழுதித் தரும் பொறுப்பு எனக்கு.

"டேய், இந்தத் தாள்ல கட்டம் சதுரம் இல்ல. நூலுக்கு ஏத்த மாதிரி இருக்கும். ஒரு அங்குலத்துக்குக் குறுக்க எட்டு கட்டம், ஒசரத்துக்குப் பன்னெண்டு. பாத்து எண்ணு" என்றான்.

"எனக்கே கணக்கு சொல்லிக் குடுக்கிறியா?" என்றேன்.

அளவு எழுத உட்கார்ந்தபோது அது மறந்தே போயிற்று. கட்டத்துக்குக் கால் அங்குலம் என்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எண்ணினேன். எட்டு அங்குலம் வரவேண்டிய உயரம் பன்னிரண்டு வந்தது. அவன் மரத்தை அறுத்துச் சேர்த்ததும் தள்ளி நின்று பார்த்தான்.

"ஒசரம் ஜாஸ்தியா கீதே."

"பிளாட்பாரத்துல நின்னு பாக்கிறவனுக்கு அடிப்பக்கம் தெரியாதுடா. நான் தினம் தரையில நின்னு பாக்கிறேன், இப்படித்தான் இருக்கும்" என்றேன். தினமும் எஞ்சினைத் தொடுகிறவன் சொன்னால் நம்பத்தானே செய்வான். பச்சைப் பெயின்ட் அடித்தான். ஜன்னலுக்கு வளையல் கண்ணாடி ஒட்டினான்.

பயிற்சிப் பள்ளி மேஜையில் அதை வைத்ததும் ஒரு டிரைவர் கேட்டார்: "இன்னாபா, எஞ்சினுக்கு மாடி கட்டிகினு வந்துகிறீங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். அந்த நொடியே எனக்கு விளங்கிவிட்டது. எட்டு, பன்னிரண்டு. அதிகாரி சிரிக்கவில்லை. "அளவு யார் போட்டது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அடுத்த வாரம் என் டிரைவர் தேர்வு. கேள்வி கேட்கப்போகிறவர் அவர்.

"வரைஞ்சது இவருதான் சார்" என்றேன்.

வரைந்தது அவன்தான். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டான். அந்த வேலை அவனுக்குக் கிடைக்கவில்லை. நான் தேர்வில் தேறினேன்.

சொல்லிவிட வேண்டும் என்று அவன் மகள் கல்யாணத்துக்குப் போனேன், சாப்பிட்டுவிட்டு வந்தேன். ரிட்டயர் ஆன அன்று மாலையோடு போனேன். மாலையை மட்டும் காட்டிவிட்டு வந்தேன். இந்த முறை வாசலிலேயே சொல்லிவிடுவது, உட்காரக்கூடாது என்று தீர்மானம் செய்துகொண்டு டவுன் பஸ் ஏறினேன். சேவூரில் அவன் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். நின்றபடியே சொன்னேன். எதையும் விடவில்லை. தேர்வையும் சொன்னேன்.

தேய்ப்பதை நிறுத்தினான். "அப்போ நான் தப்பா வரையல?"

"இல்லடா."

"சரோஜா, இங்க வா. இவன் இன்னாமோ சொல்றான், கேளு" என்று மனைவியைக் கூப்பிட்டான். என்னிடம், "இன்னொரு வாட்டி சொல்லு" என்றான்.

சொன்னேன். முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. அந்த அம்மாள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே முழுதும் கேட்டாள். "ரொம்ப ஜல்தியா வந்து சொல்லிட்டீங்க" என்றாள்.

"அதுக்கப்புறம் நேர்கோடு வர்ற எதையும் நான் தொடலடா" என்றான் ஏகாம்பரம். "வீடு வரைஞ்சு குடுனு மருமவன் கேட்டான். எனக்கு அளவு வராதுன்னுட்டேன். மயிலு, மாங்கா, அதோட நின்னுட்டேன்." அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"பயிற்சிப் பள்ளிக்குப் போய் எழுதிக் குடுக்கிறேன்" என்றேன்.

வேண்டாம் என்பான் என்று நினைத்தேன். "குடு" என்றான்.

மறுநாளே போனேன். நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். அந்த அதிகாரி காலமாகி வெகுநாள் ஆயிற்று. மாதிரி அறை இருந்த இடத்தில் குளிர்சாதனம் ஓடுகிறது. திரை வைத்த பெட்டிக்குள் உட்கார்ந்து பிள்ளைகள் எஞ்சின் ஓட்டிப் பழகுகிறார்கள். மழை வேண்டுமென்றால் திரையில் மழை வருகிறது. மர மாதிரிகள் எங்கே என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. மாதிரி செய்கிற வேலையே எடுபட்டுவிட்டதாம்.

அலுவலகத்தில் இருந்த பெண் என் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். "இத எந்த செக்‌ஷனுக்கு சார் அனுப்பறது?" என்றாள்.

"மாதிரி அறை" என்றேன்.

கம்ப்யூட்டரில் தேடினாள். அந்தப் பெயரில் எதுவும் வரவில்லை. நான் நகரவில்லை. கடைசியில் ஏகாம்பரத்துக்கென்று நான் கொண்டுபோயிருந்த நகலில் முத்திரை குத்தித் தேதி போட்டாள். முத்திரையில் பிரிவு என்று இருந்த இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டாள்.