ஜன்னலுக்கு ஒரு கறுப்புத் துணி

ஷீலா மிஸ் வாயால் பாடம் நடத்தியதைவிட முகத்தால் நடத்தியதுதான் அதிகம். கீழ்க்கட்டளையில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். இதயம் சுருங்குவதைச் சொல்லும்போது அவருடைய கன்னமும் சுருங்கும். மின்சாரம் என்றால் புருவம் துள்ளும். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் அதை நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். அது அவருக்கும் தெரியும். சிரித்துவிட்டுப் போகட்டும், பாடம் மண்டையில் ஏறினால் சரி என்று விட்டுவிடுவார்.

ஒன்பதாம் வகுப்புக்குப் புரொஜெக்டர் வந்ததும்தான் மிஸ்ஸுக்கு உதறல் எடுத்தது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலில் வரும் வழியெல்லாம் புலம்பினார். கம்ப்யூட்டர் வாத்தியார் ஜோனத்தான், "பட்டன் கடிக்காது மிஸ், சும்மா அமுக்குங்க" என்று கேலி செய்துகொண்டே சொல்லிக்கொடுத்தார். மிஸ் ரோஷக்காரி. லீவு நாளிலும் வந்து உட்கார்ந்து கற்றுக்கொண்டார். ஐம்பதிலும் வளைந்தது. வளைந்ததோடு நின்றிருக்கலாம், அப்புறம் அதுவே கதியென்று ஆகிவிட்டதுதான் வினை.

வெயில் வெளிச்சத்தில் படம் வெளுத்துப்போனது. "ஜன்னலுக்குக் கெட்டியா ஒரு துணி இருந்தா தேவலை" என்றார் வகுப்பில். முதல் பெஞ்சிலிருந்து சோயா கையைத் தூக்கினாள். "எங்க அத்தா கடையில தச்சுத் தருவாரு மிஸ்."

மறுநாளே அவளுடைய அப்பாவின் பல்லாவரத்துத் தையல் கடையிலிருந்து கறுப்புத் துணி வந்தது. சோயாவே ஸ்டூல் மேல் ஏறி மாட்டினாள். மிஸ்ஸைக் கண் கொட்டாமல் பார்க்கிற பெண் அவள். அறிவியலில் அவளை மிஞ்ச ஆளில்லை.

அன்று முதல் வகுப்பில் விளக்கு அணைந்தது. சுவரில் இதயம் துடித்தது, ரத்தம் சிவப்பும் நீலமுமாய் ஓடியது. லேப்டாப்பில் குனிந்தபடி, இருட்டிலிருந்து மிஸ் விளக்கம் சொன்னார். இத்தனை வருஷம் சாக்பீஸ் தூளைத் தின்றுகொண்டிருந்தோமே என்று அவருக்கே தோன்றியது.

சோயாவின் மார்க் மட்டும் சரிந்தது. ஏதாவது கேட்டால் திருதிருவென்று விழித்தாள். காலாண்டில் ஃபெயில். ஒருநாள் கரண்ட் போய்விட, துணியை விலக்கிவிட்டு மிஸ் பழையபடி கரும்பலகையில் நடத்தினார். அன்று கேட்டதற்கெல்லாம் சோயா டக்டக்கென்று பதில் சொன்னாள். அங்கேயாவது உறைத்திருக்க வேண்டாமா? "மனசு வச்சா வருது இல்ல? மத்த நாளெல்லாம் திமிரு" என்று சொல்லி அவளைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார் மிஸ்.

அரையாண்டுக்குப் பிறகு சோயா வரவில்லை. அவளுடைய அம்மா அஜீசாதான் டி.சி. கேட்டு வந்தார். பாதி வருஷத்தில் ஏன் என்று மிஸ் கேட்டதற்கு முதலில் மழுப்பியவர், பிறகு உடைந்துபோனார்.

"சின்னதுல காய்ச்சல் வந்ததுலேந்து அவளுக்குக் காது கம்மி மிஸ். உதட்டைப் பாத்துதான் புரிஞ்சுக்குவா. வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாரு கட்டிப்பாங்கன்னு நாங்கதான் யார்கிட்டயும் சொல்லல. மத்த பாடத்துல எப்படியோ முட்டிமோதிக்கினு இருந்தா. உங்க பாடத்துக்காகத்தான் ஸ்கூலுக்கே வந்தா. இப்ப அதுவும் புரியலன்னு அழுவுறா. போதும் மிஸ், கடையில உக்காரட்டும்."

ஷீலா மிஸ்ஸுக்கு அப்போதுதான் உறைத்தது. உதட்டைப் பார்த்துப் படித்த பிள்ளையை இருட்டில் உட்காரவைத்து, அது போதாதென்று கடைசி பெஞ்சுக்கும் துரத்தியிருக்கிறோம். அன்று சாயங்காலமே பல்லாவரம் கடைக்குப் போனார்.

சோயா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முகம் தெரியும்படி டியூப்லைட்டுக்கு நேராக நின்றுகொண்டு மிஸ் பேசினார். துணியைக் கழற்றிவிட்டேன், முதல் பெஞ்சு உனக்குத்தான், வந்துவிடு என்றார். சோயா மறுத்துத் தலையாட்டினாள்.

"வேணாம் மிஸ். இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்."

"என்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாமேடி. லைட்டைப் போடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே."

சோயா அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "சொல்லலாம்னுதான் இருந்தேன். ஆனா லைட்டை அணைக்கறப்ப நீங்க அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க மிஸ்."