தங்கவயல்ல பிளாட் வாங்கப் போனேன்

தங்கச் சுரங்கத்த திரும்பத் தொறக்கப் போறாங்களாம்னு வாட்ஸ்அப்ல ஒரு செய்தி வந்துச்சு. அவ்ளோதான், அம்பது வயசுக்கு மேல நான் திடீர்னு தொழிலதிபர் ஆயிட்டேன். கோலார் தங்கவயல்ல ஒரு புரோக்கர போன்ல பிடிச்சேன். "ஊரு சும்மா பறக்கப் போவுது சார்"ன்னாரு. சென்னை பாலவாக்கத்துல என் பொண்டாட்டி பேர்ல இருக்கற மனைய வித்துட்டு, அங்க பிளாட்டா வாங்கிப் போடறதுன்னு முடிவு.

அந்த மனை என் மாமனார் குடுத்தது. அவரு அதே சுரங்கத்துல வேலை பாத்தவரு. சுரங்கத்த மூடினப்போ கைக்கு வந்த பணத்துல மகளுக்குன்னு வாங்குனாரு. பொண்டாட்டி என்கிட்ட பேசறத நிறுத்திட்டா. மாமனார் மட்டும், "வாங்க மாப்ள, ஊரப் பாத்துட்டு வரலாம்"னாரு.

சொல்லாம போய் நின்னா புரோக்கர் எதையும் மறைக்க முடியாதுன்னு ஒரு ஐடியா. என்னோடதுதான். திங்கக்கெழம காலைல பத்து மணிக்குப் போனா, கடைத்தெருவுல பாதி ஷட்டர் எறங்கி கெடக்கு.

"இன்னா மாமா, பந்த்தா?"

"இல்ல மாப்ள. அப்பல்லாம் சுரங்கத்துல சங்கு ஊதும், ஷிப்ட்டு மாறும். டீக்கடை, மார்க்கெட்டு, சினிமா கொட்டாய் எல்லாமே அந்த சங்குக்குதான் தொறக்கும். இப்ப ரயிலுக்குத் தொறக்குது. விடியறதுக்குள்ள ஊரே பெங்களூருக்கு ஏறிடும். திரும்பி வந்தாதான் கடை."

புரோக்கர் வீட்டுக் கதவத் தட்டுனோம். அவரு சம்சாரம் வந்தாங்க.

"அவரு பெங்களூருக்கு வேலைக்குப் போயிட்டாரு சார்."

"புரோக்கர் வேலைக்கா?"

"அது ஞாயித்துக்கெழமதான். மத்த நாள்ல அங்க செக்யூரிட்டி."

காபி குடுத்துட்டு, "சென்னைல ஏதாச்சும் வேலை இருந்தா சொல்லுங்க சார். ரயில் அலைச்சல் முடியல"ன்னாங்க. மாமனார் என்ன ஏறெடுத்துக்கூட பாக்கல. காபிய மட்டும் ரொம்ப நேரமா ஊதிக்கினு இருந்தாரு.

தெருவுக்கு வந்ததும் பொண்டாட்டிக்கு போன் போட்டேன். "மனைய விக்கல."

"அப்பா கிட்ட குடுங்க"ன்னா.

"நெஜந்தாம்மா. நான் ஒண்ணும் சொல்லல, ஊரே சொல்லிடுச்சு"ன்னாரு மாமனார்.

சென்னைக்குத் திரும்புனப்புறம் கிண்டில தெரிஞ்ச ஒருத்தர் செக்யூரிட்டிக்கு ஆள் கேட்டாரு. புரோக்கருக்கு போன் பண்ணேன். ஊரு பறக்கப் போவுதேன்னு தயங்குவாருன்னு நெனச்சேன். "எப்ப சேரணும் சார்?"னுதான் கேட்டாரு.

அடுத்த ஞாயித்துக்கெழம நான், பொண்டாட்டி, மாமனார் மூணு பேரும் பாலவாக்கம் போனோம். மனை முழுக்க முள்ளு. மாமனார் செருப்புக் காலால மூலைக்கல்லு ஒவ்வொண்ணையும் தட்டிப் பாத்தாரு. நாலும் இருந்துச்சு. திரும்பறப்போ பீச்சுல பொண்டாட்டி எனக்கும் ஒரு பொட்டலம் சுண்டல் வாங்கிக் குடுத்தா.