கவுன் ஓரத்தில் மூன்று எழுத்து

எங்கள் வீட்டுப் பாத்திரம் ஒவ்வொன்றின் விளிம்பிலும் மூன்று எழுத்து வெட்டியிருக்கும். மூன்று தலைமுறைப் பெயர்களின் முதலெழுத்துகள், நடுவே புள்ளிகள். காரைக்குடியில் கல்யாண வீட்டுக்கு இரவல் போன அண்டா, அங்கே குவிந்து கிடக்கும் அண்டாக்களுக்கு நடுவிலிருந்து வீடு திரும்புவது இந்த எழுத்தால்தான். சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு, இதைவிட நல்ல பதிவுமுறையை அரசாங்கம் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

என் மனைவி நடத்திய கண்டாங்கிச் சேலைக் கடைக்கும் அந்த மூன்று எழுத்தே பெயர். மகள் பொறுப்பேற்றதும் கடை ஆடை நிறுவனம் ஆயிற்று. சேலைத் துணியில் கவுன் தைத்தார்கள். பெயரும் மாறியது. முதலில் ஓர் ஆங்கிலப் பூ. இரண்டு வருடத்தில் பூ உதிர்ந்து ஒரு நிறம் வந்தது. பிறகு நிறமும் வெளுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டிய ஒரு சொல் வந்தது. ஒவ்வொரு முறையும் ஜிஎஸ்டி திருத்தம், வங்கிக் கடிதம், ரப்பர் முத்திரை எல்லாம் என் தலையில். அவளுக்கு அடையாளம் மாறியது. எனக்குப் படிவம் மாறவே இல்லை.

மூன்றாவது பெயர் வந்த வாரத்தில்தான் அந்த அழைப்பு. சென்னையில் ஒரு விருது விழாவுக்கு ஒரு நடிகை எங்கள் கவுனை உடுத்தப் போகிறார். அரக்குச் சிவப்பில் கறுப்புக் கட்டம், தரையில் புரளும் நீளம். உடுத்திவிட்டுத் திருப்பித் தருவார்கள். நமக்குக் கூலி, நம் பெயரைச் சொல்வது மட்டும். அந்தப் பெயர் வெளியே வந்தால்தான் மானகிரியில் இருக்கும் எங்கள் தையல் பட்டறையின் நான்கு தையல்காரர்களுக்குத் தொடர்ந்து வேலை. இல்லையென்றால் பட்டறையை மூடுவதாக மகள் முடிவு செய்திருந்தாள்.

புதுப் பெயர் போட்ட லேபிள் திருப்பூரிலிருந்து வந்து சேரவில்லை. பழைய லேபிளைத் தைக்க அவள் சம்மதிக்கவில்லை.

“ஒண்ணுமே தைக்காம அனுப்பினா, நாளைக்கு எவனாச்சும் தன்னுதுன்னு சொன்னா என்னத்தக் காட்டுவே?” என்று மகளிடம் கேட்டேன்.

“அப்பச்சி, இது பத்திரம் இல்ல, கவுனு. அவுகளே பேரு போடுவாக.”

“எழுதிக் குடுத்தாகளா?”

“போன்ல சொன்னாக.”

“போன்ல சொன்னத வச்சு நான் ஒரு மாட்டுக்கொட்டகையக்கூடப் பதிஞ்சதில்ல.”

அதனால் ஒப்புகைக் கடிதத்தை நானே எழுதினேன். என் மனைவி ஊசியில் நூல் கோத்தாள். பெட்டியில் வைக்கும்போதுதான் மகள் பார்த்தாள்: கவுனின் கீழ்விளிம்பில், உள்பக்கம், மஞ்சள் நூலில் மூன்று எழுத்து.

“ஆத்தா! அண்டாவுக்கு வெட்டுற மாதிரி இதுலயும் போட்டு வச்சிருக்கியே! இந்தப் பேர விடத்தானே நான் இம்புட்டுப் பாடு பட்டேன்!”

“இரவல் போற சாமானுக்கு எழுத்து வேணுமுல்ல. பிரிச்சா ஓட்டை தெரியும், பாத்துக்க.”

வாசலில் கார் காத்திருந்தது. பிரிக்க நேரமில்லை.

மறுநாள் காலை எல்லார் கைப்பேசியிலும் நடிகையின் படம். கீழே, சென்னையில் பெரிய பெயர் எடுத்த வேறொரு வடிவமைப்பாளரின் பெயர். நடிகைக்கு உடை தேர்ந்து கொடுக்கும் பெண்ணை மகள் அழைத்தாள். அறையில் பத்து உடைகள் இருந்தன, குழம்பியிருக்கலாம், உங்களுடையது என்பதற்கு என்ன ஆதாரம் என்று அந்தப் பெண் கேட்டாள்.

ஒப்புகையை எடுத்தேன். ‘சிவப்புக் கவுன் ஒன்று பெற்றுக்கொண்டேன்.’ கீழே கார் ஓட்டுநரின் கையெழுத்து. நிலத்துக்கு நான்கெல்லை எழுதாத பத்திரங்களை ஆயுள் முழுதும் திருப்பி அனுப்பியவன் நான். என் வீட்டுச் சொத்தை விவரிக்க எனக்கு மூன்று சொல் போதுமானதாக இருந்திருக்கிறது.

“அப்பச்சி, மானகிரிக்குப் போயி, பட்டறைய மூடுறோம்னு தையக்காரவுகட்ட நானே சொல்லிட்டு வந்துர்றேன்” என்று மகள் எழுந்தாள்.

“இருடி. இங்குட்டு வா” என்றாள் என் மனைவி. கைப்பேசியில் ஒரு படத்தை விரலால் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள். நடிகை மேடைப் படி ஏறுகிறார்; தடுக்காமலிருக்க வலது கையால் கவுனைத் தூக்கியிருக்கிறார். மடங்கித் தெரிந்த உள்விளிம்பில் மூன்று எழுத்தும், புள்ளிகள் உட்பட, துலக்கிய பித்தளைபோலப் பளிச்சென்று இருந்தன.

மகள் சமையற்கட்டுக்கு ஓடி அண்டாவின் விளிம்பைப் படம் பிடித்தாள். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு வார்த்தையும் எழுதாமல் வெளியிட்டாள். மாலைக்குள் திருத்தமும் வருத்தமும் வந்தன. திருத்தத்தில் இருந்தது அந்த மூச்சுப் பிடிக்கும் பெயர்தான். ஆனால் அடுத்தடுத்து அழைத்தவர்கள் எல்லாரும் கேட்டது, “அந்த மூணு எழுத்துக் கவுன் நீங்கதானே?”

பட்டறையில் இப்போது ஒரு பாடகிக்குக் கவுன் தயாராகிறது. நேற்று மகள் ஊசியும் மஞ்சள் நூலுமாக வந்தாள். “ஆத்தா, இவுகளுக்கு இடது கைப் பழக்கமாம். எழுத்த இடது பக்கமாப் போடு.”

திருப்பூர் லேபிள் பெட்டி பிரிக்கப்படாமல் கிடக்கிறது. நான் நான்காவது முறையாகப் பெயர் திருத்தப் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். புது ஒப்புகையில் கவுனுக்கு நான்கெல்லையும் எழுதிவிட்டேன்: மேலே கழுத்து, கீழே எழுத்து, இருபுறமும் கை.