மைக் செட்காரரும் முதல் நட்சத்திரங்களும்

உதயசூரியன் இருந்தவரை, நிக்கோபாரிலுள்ள கட்சால் தீவின் அந்த ரப்பர் தோட்டக் குடியிருப்பில் கல்யாணமோ கருமாதியோ அவருடைய மைக் செட் இல்லாமல் நடந்ததில்லை. பசித்தால் மனைவி ஜெயலட்சுமியையும் மைக்கிலேயே கூப்பிடுவார்.

ஓர் ஆண்டு மாரியம்மன் திருவிழாச் சமயத்தில் சௌமியா என்ற ஆராய்ச்சியாளர், சிறு குழுவோடும் மேசை போன்ற ஓர் ஆன்டெனாவோடும் வந்து இறங்கினார். பிரபஞ்சத்தில் முதல் நட்சத்திரங்கள் பற்றிக்கொண்ட காலத்து ரேடியோ அலைகளைப் பிடிக்க, செல்போன் கோபுரம் எட்டாத மூலை தேடி வந்தவர்கள். கப்பல் தாமதமானதில் அவர்களுடைய வேலை திருவிழாவோடு மோதிக்கொண்டது.

"அண்ணா, உங்க ஜெனரேட்டர், ஆம்ப்ளிஃபையர், சீரியல் லைட் எல்லாமே ரேடியோ இரைச்சலைக் கிளப்பும். எங்க சிக்னல் அதுல மூழ்கிடும். திருவிழா அன்னிக்கு மட்டும் நிறுத்தி வைக்கிறீங்களா?"

"செட் இல்லாத திருவிழாவா? ஆத்தா என்னைப் பத்தி என்ன நெனைப்பா மேடம்?"

"ஆயிரத்து முந்நூறு கோடி வருஷமா வந்துக்கிட்டிருக்குண்ணா அந்த அலை."

"அரே பாப்ரே! அவ்வளவு காலம் வந்தது இன்னும் ரெண்டு நாள் பொறுக்காதா?"

"அது பொறுக்கும். எங்க கப்பல் பொறுக்காது."

பிரபஞ்சம் புரியாவிட்டாலும் கப்பல் எந்தத் தீவுக்காரருக்கும் புரியும். உதயசூரியன் சம்மதித்துவிட்டார். ஆனால், செட் இல்லாமலே திருவிழா நடந்துவிட்டால் ஊரில் தன்னை யார் தேடுவார்கள் என்ற பயத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

தீப்பந்த வெளிச்சத்தில் திருவிழா நடந்தது. பெண்கள் வாய்விட்டுப் பாடினார்கள். பூசாரி வெள்ளைச்சாமி ஒரே மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி ஒப்பேற்றுவது முதன்முறையாக எல்லார் காதிலும் விழுந்தது. பின்வரிசையில் ஒரு சம்பந்தம்கூடப் பேசி முடிந்தது. மைக் இல்லாத கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் உதயசூரியன் நின்றார்.

"மரம் மாதிரி நிக்காம இந்தப் பந்தத்தையாவது பிடிய்யா!" என்றாள் ஜெயலட்சுமி. அது ஊருக்கே கேட்டது.

மறுநாள் சௌமியா அவர் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டார். உஸ்ஸென்ற இரைச்சலைக் கண்மூடிக் கேட்டவர், "செட்டு நல்ல செட்டுதான் மேடம். எர்த்துதான் சரியில்ல" என்றார்.

"அது வானத்தோட இரைச்சல்ணா. நாங்க தேடுறது அதுக்குள்ள எங்கயோ இருக்கு."

"அப்ப இன்னும் மைக் டெஸ்டிங்லயே நிக்கிறீங்க."

அடுத்த ஆண்டு, போன மானத்தை மீட்க நான்கு குழாய் ஸ்பீக்கர்களைத் தென்னையில் கட்டிக்கொண்டிருந்தார். திருவிழாக் கமிட்டித் தலைவர் பழனியாண்டி ஏணியடியில் வந்து தயங்கி நின்றார்.

"தம்பி, இந்த வருஷம் அந்த விஞ்ஞானிங்க வரலியா?"

"இல்லையே. ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான். ஒரு கடுதாசி போட்டுக் கேட்டுப் பாரேன்."

உதயசூரியன் ஏணியில் நின்றபடியே மைக்கை எடுத்து, "அவங்க வந்தாலும் வராட்டாலும் இந்த வருஷம் செட்டு உண்டு!" என்று ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.